டீசல் காரில் மைலேஜும் கூட வேண்டும், புகையும் குறைய வேண்டும்: இரண்டும் சேர்ந்து நடக்குமா?

ஒன்பது ஆண்டுகள் ஓடிய உங்கள் டீசல் காரில் முன்பு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைத்ததாகவும், இப்போது 16 தாண்டுவதில்லை என்றும், மேடு ஏறும்போது பின்னால் கரும்புகை தெரிவதாகவும், டி.பி.எஃப். எனப்படும் கரித்துகள் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்து, வடிகட்டியைக் கழற்றி, இன்ஜினின் மென்பொருளையும் மாற்றிவிட்டால் பழைய மைலேஜ் வந்துவிடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னாராம். ஆனால் ஊர்க் காற்றைக் கெடுக்கவும் உங்களுக்கு மனமில்லை. மைலேஜைக் கூட்டுவது எப்படி என்று கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள்தாம் மைலேஜைத் தின்கின்றனவா என்பதையே. டீசல் இன்ஜின்களின் எரிபொருள் செலுத்தும் அமைப்புகளைப் பழுதுபார்ப்பதையே இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதையும் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே பழுதின் மூன்று அடையாளங்கள். வண்டியைப் பார்க்காமல் அது எந்தப் பழுது என்று என்னால் அறுதியிட முடியாது. எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் இது புரிந்தால் யார் சொல்வது சரி என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் வெறும் காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் கொதிக்கும் காற்றுக்குள், தலைமுடியைவிடச் சற்றே பெரிய துளைகள் வழியாக, 1,600 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. காற்றோடு கலப்பதும் எரிவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள், நடந்து முடிய வேண்டும். எனவே சிலிண்டருக்குள் மொத்தத்தில் காற்று தாராளமாக இருந்தாலும், பீய்ச்சப்பட்ட ஒவ்வொரு தாரையின் நடுவிலும் எரிபொருள் மிகுந்து காற்றுக்கு ஏங்கும் இடங்கள் இருந்தே தீரும். கரி பிறப்பது அங்கேதான். பிறந்த கரியின் பெரும்பகுதி, பிறகு போதிய காற்றும் வெப்பமும் கிடைத்தால், சிலிண்டருக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது; எரியாமல் தப்பியதுதான் சைலன்சர் பக்கம் வருகிறது. ஆகவே கரும்புகை என்பது காற்றும் டீசலும் சரியாகச் சேரவில்லை என்பதற்கான அடையாளம், தாமதமாகவும் அரைகுறையாகவும் எரிந்த டீசல் முழு வேலையையும் கொடுத்திருக்காது. மைலேஜும் கரியும் எதிரிகளல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

உண்மையான இழுபறி வேறிடத்தில் இருக்கிறது. நன்றாகவும் சீக்கிரமாகவும் எரியும் டீசல், தீச்சுவாலையின் ஓரங்களில் மிக அதிகமான வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தில், காற்றில் இயல்பாகவே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இவை கண்ணுக்குத் தெரியாதவை, நுரையீரலுக்குக் கேடானவை. வெப்பத்தைத் தணித்தால் இவை குறையும், கரி கூடும். வெப்பத்தை ஏற்றினால் கரி குறையும், இவை கூடும். டீசல் இன்ஜின் வடிவமைப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்த ஒரு முரண்பாட்டோடுதான். ஈ.ஜி.ஆர். வால்வு எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பி ஆக்சிஜனின் செறிவையும் சுவாலையின் வெப்பத்தையும் குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடுகளுக்காக. அதனால் கூடும் கரியைப் பிடித்துவைக்கத்தான் பின்னால் வடிகட்டி. யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு வந்த பிறகு இந்த முரண்பாடு வெகுவாகத் தளர்ந்தது. பின்னால் துப்புரவு செய்ய ஆள் இருப்பதால், இன்ஜினைச் சிக்கனமாக எரியும் நிலையிலேயே ஓடவிட முடிகிறது. தூய்மைக் கருவி மைலேஜுக்கு உதவும் இடமும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஐரோப்பிய விதிகளில் டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 2000-இல் யூரோ 3 வந்தபோது கிலோமீட்டருக்கு 0.50 கிராமாக இருந்தது. 2014-இல் யூரோ 6 வந்தபோது 0.08 கிராமாகிவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடு ஆய்வகத்தில் குறைந்த அளவுக்குச் சாலையில் குறையவில்லை என்பதும் உண்மை. 2015-இல் வோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிப்பட்டது; உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் அடங்கின. அதன் பிறகுதான் சாலையிலேயே கருவியைப் பொருத்தி அளக்கும் சோதனை ஐரோப்பாவில் கட்டாயமானது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்பொருளை மாற்றி மைலேஜ் தருவதாகச் சொல்பவர்களில் பலர் செய்வதும் சாராம்சத்தில் இதே வேலைதான்: நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். தேடத் தொடங்கும் முன் அளவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல், தொட்டியை நிரப்பி, ஓடி, மறுபடி அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள்; மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.65 கிலோ கரியமில வாயு வெளியாகும், அதைக் குறைக்க எந்தக் கருவியும் கிடையாது, குறைவாக எரிப்பது ஒன்றே வழி. உங்கள் கணக்குப்படி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடியபோது கிலோமீட்டருக்குச் சுமார் 132 கிராம் வெளிவிட்ட கார், 16 ஓடும்போது 165 கிராம் விடுகிறது. நான்கு கிலோமீட்டர் இழப்பு என்பது கால் பங்கு கூடுதல் டீசல்; வயதின் தேய்மானத்தால் மட்டும் இவ்வளவு போகாது. எங்கோ குறிப்பான ஒரு பழுது இருக்கிறது, அல்லது ஓட்டும் சூழல் மாறியிருக்கிறது. முன்பு நெடுஞ்சாலையில் ஓடிய கார் இப்போது நகர நெரிசலில் ஓடுகிறதென்றால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரும்புகையும் மைலேஜ் இழப்பும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது காற்றின் வழியை. டர்போ அழுத்திய காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் எங்காவது விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது இவ்வளவு காற்று உள்ளே வந்தது என்று கணக்குச் சொல்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி அந்தக் கணக்குக்கு ஏற்ற டீசலைப் பீய்ச்சுகிறது. அளந்த காற்றில் ஒரு பகுதியோ விரிசல் வழியே வெளியே போய்விட்டது. மிஞ்சிய டீசல் கரியாகிறது, இழுவை குறைகிறது, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மேலும் மிதிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் வண்டியைப் போலவே ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. அதற்கு முன் வேறொரு பட்டறையில் வடிகட்டியை இரண்டு முறை கழுவியிருந்தார்கள், டர்போவையே மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். குழாய்களில் வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீரைத் தடவிக்கொண்டே போனோம். இன்டர்கூலரின் கீழ்ப்பக்கக் கிளாம்பை ஒட்டி, கண்ணால் பார்த்தால் வெறும் எண்ணெய்க் கறை போலத் தெரிந்த இடத்தில், நுரை பொங்கியது. விரலால் குழாயை வளைத்தபோது அரை அங்குல நீளத்துக்கு உதடு போல வெட்டு திறந்தது. ஓய்வில் மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கும். ஒரு குழாயும் ஒரு கிளாம்பும் மாற்றியதோடு கரும்புகை நின்றது. வடிகட்டியின் விளக்கு அதன் பிறகு எரிந்ததாக அவர் சொல்லவில்லை. எல்லா வண்டியிலும் இதுவே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் சோதிக்கச் சுலபமான, பட்டறைகள் பலவற்றில் தவறவிடும் இடம் இது.

அதே காற்று சென்சாரில் தூசும் எண்ணெயும் படிந்தால் விளைவு வேறுவிதம். உண்மையில் வரும் காற்றைவிடக் குறைவாக அது காட்டும். புகை வராமலிருக்கக் கணினி டீசலைக் குறைக்கும். வண்டி சோர்ந்து போகும், ஆனால் கரும்புகை தெரியாது. உங்களுக்குப் புகை தெரிவதால் இதன் மீதான என் சந்தேகம் குறைவு. கூலன்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கூலன்ட் 90 டிகிரியை எட்டாமல் 65, 70 என்றே நிற்கும். வெப்பமானி முள் நடுவுக்கு வராமல் கீழேயே தங்குவதைப் பலர் நல்லதென்று நினைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும், எரிதல் மந்தமாகும். அதோடு, கூலன்ட் போதிய வெப்பத்தை எட்டாதவரை வடிகட்டியைச் சுத்தம் செய்யும் சுழற்சியைப் பல கார்களின் கணினி தொடங்கவே தொடங்காது. விலை மலிவான இந்த ஒரு பாகம் மைலேஜையும் வடிகட்டியையும் ஒருங்கே பாழாக்கும்.

அடுத்தது இன்ஜெக்டர்கள். இவற்றின் உள் தேய்மானத்தை அறியக் கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிவரும் டீசலை நான்கு கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியாகப் பிடித்து, சில நிமிடங்கள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்கிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உள் தேய்மானம் கவலைக்குரியதல்ல. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் சந்தேகத்துக்கு உரியது. காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி செய்யும் டீசல் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும் அளவு சரியாக இருந்து, துளையில் படிவு சேர்ந்து தாரை மட்டும் சிதைந்திருப்பதும் உண்டு. அதை இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனை மேடையில் ஓடவிட்டால்தான் உறுதிசெய்ய முடியும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் அளவுக் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதை விட்டுவிட்டு, புதுப் பாகம் போட்டும் பயனில்லை என்று வந்தவர்கள் பலர்.

வடிகட்டி விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீங்கான் போன்ற பொருளாலான அந்தத் தேன்கூட்டு அமைப்பு, தன் வழியே போகும் கரித்துகள்களில் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். பிடித்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுந்தூரம் சீராக ஓடும்போது, புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால், இதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரிந்துகொள்ளும். நகர ஓட்டத்தில் அது நடக்காததால், சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை கணினி கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிப் புகையைச் சூடாக்குகிறது. அந்த டீசல் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. இன்ஜின் அதிகக் கரியை உண்டாக்கினால் இந்தச் சுழற்சி அடிக்கடி வரும். சிறு சிறு தூரம் ஓட்டி நடுவில் அணைத்துவிட்டால் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மைலேஜ் இங்கேயும் போகிறது. ஸ்கேனரில் கடைசி இரண்டு சுத்திகரிப்புகளுக்கு இடையே ஓடிய தூரத்தைக் கேட்டு வாங்குங்கள். நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் குற்றம் பெரும்பாலும் வடிகட்டியினுடையதல்ல, அதற்கு முன்னால் இருப்பதனுடையது. எரியாத சாம்பல் என்று ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் இன்ஜின் ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வருவது, எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள குறைந்த சாம்பல் ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ஒன்பது ஆண்டு ஓடிய வண்டியில் சாம்பல் கணிசமாகச் சேர்ந்திருக்கலாம். கழற்றி முறையாகக் கழுவும் வசதி உள்ள இடங்களில் அதைச் சரிசெய்ய முடியும்.

வடிகட்டியைக் கழற்றுவதால் வரும் ஆதாயம் நீங்கள் எதிர்பார்ப்பதில் ஒரு சிறு பகுதியே. சுத்தமான வடிகட்டி புகைக்குக் கொடுக்கும் தடை குறைவு. அடைத்த வடிகட்டியின் தடைதான் பெரிது, அதற்கு மருந்து அடைப்பை நீக்குவது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. அந்த வடிகட்டி பிடிப்பது அந்தப் புகையின் கரியைத்தான், சாலையோரம் நடப்பவரும், உங்கள் காருக்குப் பின்னால் வண்டியில் வருபவரும் அதை மூச்சில் இழுக்கிறார்கள். பல நாடுகளில் கழற்றுவது சட்டப்படி குற்றமும் கூட. ஈ.ஜி.ஆர். வால்வை அடைப்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், அடைத்தால் கரி சற்றுக் குறையும், சில இயங்குநிலைகளில் மைலேஜும் இம்மியளவு கூடலாம். அதற்கு விலையாக நைட்ரஜன் ஆக்சைடுகள் பல மடங்காகும். முழு மிதியில் அந்த வால்வு ஏற்கெனவே மூடியே இருக்கும் என்பதால், மேட்டில் வரும் உங்கள் புகை அதனால் குறைய வழியில்லை, வால்வு திறந்த நிலையில் சிக்கியிருந்தாலொழிய. அப்படிச் சிக்கியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அதோடு காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் கிராங்க் அறையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் போல் படிந்து, இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைந்திருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மென்பொருள் மாற்றத்திலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. பீய்ச்சும் நேரத்தை முன்தள்ளினால் செலவு சில சதவீதம் குறையக் கூடும். உள் அழுத்தமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும், ஒன்பது ஆண்டு உழைத்த பிஸ்டனும் பேரிங்குகளும் அதைச் சுமக்க வேண்டும். பழுதுள்ள இன்ஜினில் மென்பொருளை மாற்றுவது, காய்ச்சலைத் தணிக்காமல் வெப்பமானியை மாற்றுவதற்குச் சமம். டீசல் குழாயில் கட்டும் காந்தங்களுக்கு அடிப்படையே இல்லை, டீசல் காந்தத்துக்கு அசையும் பொருளல்ல. தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கிச் செலுத்தும் கருவி, தான் எடுக்கும் மின்சாரத்தை அதே இன்ஜினிடமிருந்துதான் பெறுகிறது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் திரவங்களைப் பற்றி மட்டும் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். மெல்லிய படிவு இருந்தால் நல்ல திரவம் அதைக் கரைக்கும், தேய்ந்த பாகத்தை எதுவும் வளர்க்காது.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயங்களைத்தான் வலியுறுத்துவேன். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 80-லிருந்து 110-க்குப் போனால் அது ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. நெடுஞ்சாலையில் இதைவிடப் பெரிய சேமிப்பை எந்தப் பாகமும் தராது. மற்றது, சிக்கனம் என்று நினைத்து உயர் கியரில் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கும் கீழே இன்ஜினைத் திணறவிடும் பழக்கம். அந்த வேகத்தில் டர்போ காற்றைத் தருவதில்லை. மிதிக்கும் டீசலில் ஒரு பகுதி கரியாகவே போகிறது. கியரைக் குறைத்து 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் மேடேறுங்கள். இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். கியரிலேயே இருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர்கள் முற்றிலும் நின்றுவிடும், நியூட்ரலிலோ இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் தேவை. டயர் காற்றழுத்தம், உரசிக்கொண்டே சுழலும் பிரேக், நாள்பட்ட டீசல் ஃபில்டர் ஆகியவற்றைப் பற்றி நீங்களே அறிந்திருப்பீர்கள், ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நாளைக் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். சுத்திகரிப்பு பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும், தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்து, ஆயிலைத் துணியில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால், அதே நாளில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதுவரை நெடும்பயணம் வேண்டாம். நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கைக் காப்பாற்றாது. மட்டம் மிகவும் ஏறிவிட்டால், கிராங்க் அறையின் காற்றுக் குழாய் வழியே ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, சாவியை எடுத்தாலும் நிற்காமல் தன் ஆயிலையே எரித்து இன்ஜின் வெறிகொண்டு ஓடும் ஆபத்தும் உண்டு. மட்டம் சரியாக இருந்தால், காற்றுக் குழாய்ச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பநிலை, சுத்திகரிப்புகளுக்கு இடையேயான தூரம், நான்கு சிலிண்டர்களின் டீசல் திருத்த எண்கள் ஆகிய மூன்றையும் இங்கே எழுதினால் அடுத்து எதைத் திறப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.